காலேஜ்ல கலக்கினவர் புரொஃபஷனலா தேறுவாரா? சிம் புல்லரின் 16 விநாடி

இந்த எபிசோடுக்குப் பின்னாடி ஒரு குடும்பப் பஞ்சாயத்து இருக்கு. அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர், புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை. எங்க பக்கம் விளையாட்டுன்னா கபடி, மஞ்சுவிரட்டு. ஆனா எங்க சித்தப்பா பையன் எப்படியோ பாஸ்கெட்பால் பக்கம் போயிட்டான். ஆறடி நாலு அங்குலம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சென்னையில ஒரு காலேஜ்ல சேர்ந்து, இப்ப கடைசி வருஷம். காலேஜ் டீம்ல அவன்தான் சென்டர்.

"வேலைக்கு எழுதிப் போடச் சொல்லுப்பா"ன்னு சித்தப்பா. "ரெண்டு வருஷம் டைம் குடுங்க, லீக்ல ஆடிப் பாக்குறேன்"னு தம்பி. கடைசியில ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. "நீ சொல்லு, இவன் தேறுவானா?"

நான் சாஃப்ட்வேர் ஆள். ஸ்கூல் டீம்ல பெஞ்ச் தேய்ச்சதோட என் ஆட்ட அனுபவம் முடிஞ்சது. அதனால அப்ப பதில் சொல்லாம, பெங்களூருக்குத் திரும்பினதும் இந்தக் கேள்வியோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். காலேஜில் கலக்கும் ஒருவர் தொழில்முறை ஆட்டத்தில் நிற்பாரா என்று எப்படிக் கணிக்கிறார்கள்? இந்திய ரத்தத்தில் அதுக்கு நல்ல உதாரணம் ஒருத்தர் இருக்கார். பேரு சிம் புல்லர்.

ஏழடி அஞ்சு அங்குலம்

1992-ல் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். பெற்றோர் பஞ்சாபிலிருந்து குடியேறியவர்கள். உயரம் 7 அடி 5 அங்குலம், எடை 160 கிலோவுக்கு மேல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் ஆடினார். அவர்களுடைய மாநாட்டுத் தொடரில், அதாவது நம்ம மண்டலப் போட்டி மாதிரி, 2013, 2014 இரண்டு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. இரண்டாவது சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 10 புள்ளிக்கு மேல், 3 பிளாக்குக்கு மேல். டீமும் இரண்டு வருஷமும் தேசியத் தொடருக்குத் தகுதி பெற்றது.

இப்ப நீங்க ஒரு என்பிஏ டீமோட தேர்வாளர்னு வெச்சுக்கோங்க. இந்த ஆளை எடுப்பீங்களா?

2014 டிராஃப்ட்டில் 30 டீம்களும் சேர்ந்து 60 பேரைத் தேர்ந்தெடுத்தன. அந்த 60-ல் சிம் புல்லர் இல்லை.

ஏன்? "ஓட மாட்டார், வேகம் இல்லை" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். அது சரிதான், ஆனா பாதி பதில். அதே வேகத்தோடதானே காலேஜில் கலக்கினார்? மீதிப் பாதி ரூல் புக்கில் இருக்கு.

என்பிஏவில் 2001-02 சீசனிலிருந்து ஒரு விதி உண்டு. கூடைக்கு அடியில் வண்ணம் பூசிய கட்டத்துக்குள், பக்கத்தில் எதிராளி யாரையும் மறிக்காமல் ஒரு தடுப்பாட்டக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. காலேஜ் ஆட்டத்தில் அந்த விதி கிடையாது. அங்கே ஏழரை அடி ஆள் ஒருத்தர் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி கூடைக்கு அடியிலேயே நிற்கலாம். வர்ற பந்தையெல்லாம் தட்டிவிடலாம்.

அடுத்தது தூரம். அன்றைக்குக் காலேஜ் ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து சுமார் 6.3 மீட்டர். என்பிஏவில் மேல் வளைவில் சுமார் 7.2 மீட்டர். கேட்க ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனா அந்தக் கோட்டிலிருந்து எறியும் ஆளை ஓடிப்போய் மறிச்சுட்டு மறுபடி கூடைக்குத் திரும்பணும். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறைன்னு யோசிங்க.

கோடிங் பாஷையில சொன்னா, ஒரு சர்வர்ல பிரமாதமா ஓடுற புரோகிராமை வேற சர்வர்ல தூக்கிப் போட்டாங்க. புரோகிராம் அதேதான். சுத்தி இருந்த செட்டிங் மாறிடுச்சு.

16 விநாடி

டிராஃப்ட்டில் எடுக்கப்படாத சிம்மை சாக்ரமென்டோ கிங்ஸ் கூப்பிட்டது. அப்போது அந்த டீமின் முதன்மை உரிமையாளர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. இந்தியச் சந்தை ஒரு காரணம் என்று அன்றே பேச்சு எழுந்தது. எப்படியோ, 2015 ஏப்ரலில் அவருக்கு ஒரு 10 நாள் ஒப்பந்தம் கிடைத்தது. ஆமா, பத்து நாள். ஏப்ரல் 7-ஆம் தேதி மினசோட்டா டீமுக்கு எதிரான ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது களத்தில் இறங்கினார். என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர். மொத்தக் கணக்கு 3 ஆட்டம், சுமார் 3 நிமிடம், 2 புள்ளி. அவ்வளவுதான்.

அதே வருஷம் ஜூன் மாதம் இன்னொரு சம்பவம். இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் 1-2 எனப் பின்தங்கி இருந்தது. நான்காவது ஆட்டத்தில் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, உயரம் குறைந்த, ஓடக்கூடிய ஐந்து பேரோடு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். உயரத்தைவிட ஓட்டமும் தூர எறிதலும் முக்கியம் என்று உலகமே பார்த்த ஜூன் அது.

கோப்பை கைக்கு வந்து ஒன்பதே நாளில், ஜூன் 25 அன்று, டிராஃப்ட்டின் 52-ஆவது பெயராக பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை டல்லாஸ் எடுத்தது. 7 அடி 2 அங்குலம். என்பிஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர். ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை. பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். கதவு மூடிக்கொண்டிருந்த நேரத்தில் ரெண்டு உயரமான பஞ்சாபிப் பசங்க வாசல்ல போய் நின்னாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

ஆனா சிம் கதை அங்க முடியலை. அப்புறம் அவர் தைவான், சீனா லீக்குகளில் பல வருஷம் ஆடினார். அங்கே சர்வதேச விதிகள். அந்த விதிகளில், தடுப்பவர் கூடைக்கு அடியில் மூன்று விநாடி மட்டுமே நிற்கலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. பழைய செட்டிங் கிடைத்ததும் அதே உடம்பு மறுபடி வேலை செய்தது. அப்போ 2014-ல் அவரை ஒதுக்கிய தேர்வாளர்கள் தப்பா சொன்னாங்களா? இல்லை. என்பிஏவுக்கு அவர் தேற மாட்டார்னு சரியாத்தான் சொன்னாங்க. தேற மாட்டார்னு பொதுவா சொல்லியிருந்தா அதுதான் தப்பு.

நம்ம ஊர் புரொஃபஷனல் எது?

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். பாஸ்கெட்பால் 1891-ல் அமெரிக்காவில் ஒரு ஒய்எம்சிஏ பள்ளியில் பிறந்தது. அதே வழியில் மெட்ராஸுக்கு வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் இங்கே ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம்ம பி.டி. சார்கள் பரம்பரைக்கு அது ஒரு தாய்வீடு. ஆட்டம் இவ்வளவு பழசு. ஆனா சம்பளம் தர்ற லீக்? 2015-ல் யூபிஏ வந்தது, சென்னை ஸ்லாம் என்று டீம் இருந்தது, சில சீசனில் நின்றுபோனது. 2022-ல் ஐஎன்பிஎல் வந்தது, சென்னை ஹீட் வந்தது.

அப்போ அதுவரைக்கும் நம்ம ஆட்டக்காரர்கள் எதை நம்பி ஆடினாங்க? வேலை ஆர்டரை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஎஃப், வருமான வரித்துறை, தெற்கு ரயில்வே. இவைதான் நம்முடைய புரொஃபஷனல் டீம்கள். அனிதா பால்துரையைப் பாருங்க. சென்னைப் பெண், ரயில்வே ஊழியர், இந்திய அணியின் முன்னாள் கேப்டன். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியத் தொடர்கள். நடுவில் குழந்தை பெற்று மறுபடி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ. ஒரு லீக் ஒப்பந்தத்தில் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க முடிஞ்சிருக்குமா? பத்து நாள் ஒப்பந்தத்தையும் மாசச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க.

இதுலயும் ஒரு குறை இருக்கு. லீக் உங்களை ஒவ்வொரு சீசனும் எடை போடும். வேலைத் தேர்வு அனேகமா ஒரே தடவைதான் எடை போடும். அதுவும் தேசியப் போட்டியா, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியா என்று முதலில் சர்டிபிகேட்டைத்தான் பார்க்கும். போன வருஷம் டீம் செலக்‌ஷனில் விடுபட்ட பையன் எவ்வளவு நல்லா ஆடினாலும் அந்தக் காகிதம் இல்லைன்னா டிரையல் வரைக்கும் வர்றதே கஷ்டம்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

சித்தப்பாகிட்ட சொன்னது: நீங்க சொல்ற வேலையும் அவன் சொல்ற ஆட்டமும் நம்ம ஊர்ல பெரும்பாலும் ஒரே கதவுதான். அவன் டிரையலுக்குப் போகட்டும், ஆனா போறதுக்கு ஆடிக்கிட்டே இருக்கணும். பந்தை எடுத்து உள்ள வைக்கச் சொல்லாதீங்க.

தம்பிகிட்ட சொன்னது கொஞ்சம் கசப்பு. ஆறடி நாலு உன் காலேஜ்ல சென்டர். நேஷனல் லெவல்ல அது சென்டர் உயரமே இல்ல. அங்க நீ வெளிய நின்னு எறியணும், பந்தைத் தட்டிக்கிட்டு ஓடணும். ரெண்டும் உனக்கு இன்னும் வராது. தேறுவியான்னு கேக்காத. எந்த ஆட்டத்துக்கு, எந்த இடத்துலன்னு கேளு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணே, ஊர்ல வெளிய நின்னு எறியுற அளவுக்குக் கோர்ட்டு எங்க இருக்கு?"ன்னான்.

நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. சித்தப்பாதான் சொன்னார், "வீட்டுக்குப் பின்னாடி எடம் கெடக்கு. ஒரு கம்பம் நட்டாப் போதுமா?"

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.