ஈயம், பித்தளை, பச்சை போர்டு

மின்னணுக் கழிவு பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஏதோ கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த புதுப் பிரச்சினை மாதிரி பேசுகிறார்கள். கழிவு புதுசாக இருக்கலாம். அதைச் சுமக்கிறவர்கள் புதியவர்கள் இல்லை. அவர்களுடைய வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு போன குரலை வடசென்னையில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூவலில் வருகிற ஈயத்தைக் கவனியுங்கள். தமிழில் வெள்ளீயத்துக்கும் ஈயம்தான், காரீயத்துக்கும் ஈயம்தான். பழைய ரேடியோ, டி.வி. போர்டுகளில் பற்றவைத்திருப்பது இந்த இரண்டும் கலந்ததுதான், ஏறக்குறைய 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். ஆக, போர்டு குப்பைக்கு வருவதற்கு முன்பே அந்த உலோகத்தை எடைபோட்டுப் பிரிக்கத் தெரிந்த கைகள் தெருவில் இருந்தன.

சேகரிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். என் சித்தப்பா மகன் இருபது வருஷமா மீன்பாடி வண்டி மிதிக்கிறான். காலையில் காயலாங்கடைக்காரர் ஐநூறோ ஆயிரமோ கையில் கொடுப்பார். அந்தப் பணத்தில் வீடு வீடாகப் போய் மிக்ஸி, டி.வி., சார்ஜர் என்று வாங்கிவந்து, சாயங்காலம் அவர் கடையிலேயே போட வேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடத் தருவான் என்றாலும் போட முடியாது. முன்பணம் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது. கடையில் சுத்தியலும் திருப்புளியும் வைத்துக்கொண்டு பிரிப்பார்கள். டி.வி.யின் செம்புச் சுருள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், பச்சை போர்டு ஒரு பக்கம். படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது, அதற்கு விலை இல்லை, குப்பைமேட்டில் உடைந்து கிடக்கும். வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். அந்தப் புகையில் டயாக்சின் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இருமல் அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

போர்டில் ஒரு நல்ல பங்கு மொத்த வியாபாரி கைக்குப் போய் லாரியில் வடக்கே போகும். தில்லி சீலம்பூரில் கழற்றுகிறார்கள். உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்தில் ராம்கங்கா ஆற்றோரத்தில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் தங்கமும் எடுத்திருக்கிறார்கள். மொராதாபாத் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கேயும் உலோகம் தெரிந்த கைகள்தான், பெரும்பாலும் ஏழை முஸ்லிம்களின் கைகள்.

முன்பணம், தராசு, தரம் பிரிப்பு, லாரி என்று இவ்வளவு ஒழுங்காக நடக்கிற ஏற்பாட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அமைப்புசாராத் துறை'. அமைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கூலிக்கும் உடம்புக்கும்தான் பாதுகாப்பு இல்லை.

இந்த அடுக்குக்குள்ளும் அடுக்கு உண்டு. காசு கொடுத்து வாங்குகிற வண்டிக்காரன் வாசல்படி வரைக்கும் போகலாம். தொட்டியில் பொறுக்குகிற என் அத்தை மாதிரி பெண்கள் கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி அத்தையின் கோணியைப் பிடுங்கிக் கொட்டிப் பார்த்தான். செத்துப்போன ரிமோட் ஒன்று, சார்ஜர் வயர் ரெண்டு. தொட்டியில் கிடந்தவரை யாரும் தொடாத பொருள், அத்தை கைக்கு வந்ததும் திருட்டுப் பொருளாகிவிட்டது.

இனி சட்டத்தின் கதை. மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2011இல் எழுதப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. விற்ற கம்பெனியே திரும்ப எடுக்க வேண்டும் என்றன, எவ்வளவு என்று சொல்லவில்லை. 2016 விதிகளில் இலக்கு வந்தது. 2018இல் அதைத் திருத்தி, 2017-18க்கு 10 சதவீதம் என்று குறைத்துக்கொண்டார்கள். கழற்றுகிற, மறுசுழற்சி செய்கிற தொழிலாளர்களைப் பதிவு செய்யும் பொறுப்பையும் அந்த விதிகள் மாநிலத் தொழிலாளர் துறையிடம் கொடுத்தன. தெருவில் சேகரிக்கிறவர் அந்த வரியில் இல்லை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த புது விதிகளில் பதிவுக்குரியவர்கள் நாலே பேர்: பொருளைச் செய்கிறவர், தன் பெயர் போட்டு விற்பவர், பழுது பார்த்துப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி ஆலைக்காரர். ஆலைக்காரர் மீட்டெடுக்கிற தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியத்துக்குச் சான்றிதழ் பிறக்கிறது. கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கித் தங்கள் கடமையைக் கழித்துக்கொள்ளலாம். அந்தச் செம்பு எந்த வண்டியில் வந்தது என்று சான்றிதழைக் கேட்டால் அதற்குத் தெரியாது. 2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது 22.3 சதவீதம்தான். கணக்குக்கு வெளியே நிற்பது பொருள் மட்டுமல்ல, ஆட்களும்தான்.

புனேயில் 1993இல் குப்பை பொறுக்குகிறவர்கள் சங்கம் கட்டினார்கள், காகத் காச் பாத்ர கஷ்டகரி பஞ்சாயத்து என்று. பெரும்பாலும் தலித் பெண்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டு வாசலில் போய் நின்று, குப்பையை வாங்கி, அதற்குக் கட்டணமும் கேட்கிறார்கள்.

குப்பைக்கு அடையாள அட்டை கேட்பதா, குப்பையை விட்டே வெளியேறுவதா என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அத்தை மகள் படித்து வெளியே போய்விட்டாள், அதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. நாளைக்குக் காலையிலும் அவள் கோணியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவளுக்குக் கையுறை வேண்டும், நியாயமான எடை வேண்டும், கேட்டில் நிறுத்தினால் காட்ட ஒரு அட்டை வேண்டும். இன்றைய தேதிக்கு அவளிடம் எழுத்தில் இருப்பது காயலாங்கடைக்காரர் பீடிக்கட்டுத் தாளில் கிறுக்கித் தருகிற எடைச் சீட்டு. அதில் கிலோ இருக்கும், ரூபா இருக்கும், பேர் இருக்காது.