லைசன்ஸ் சர்வர் இணைப்புக் கோளாறு

ஒரு நிறுவனமோ கல்லூரியோ வாங்கிய மென்பொருள் உரிமங்களை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் கணினியே லைசன்ஸ் சர்வர். மேட்லேப், ஆன்சிஸ், கேடன்ஸ் போன்ற விலை மிகுந்த பொறியியல் மென்பொருள்கள் இவ்வழியில் இயங்கக்கூடியவை. 25 உரிமங்கள் இருந்தால், எந்த இருக்கையில் அமர்ந்தாலும் ஒரே நேரத்தில் 25 பேர் வேலை செய்யலாம். சர்வரோடு தொடர்பு கிடைக்காவிட்டால் மென்பொருள் திறக்கவே திறக்காது. ஆய்வகத்தில் ஒரு வகுப்பே கைகட்டி உட்கார்ந்திருக்க நேரும்.

இந்தத் துறையில் பரவலாகப் புழங்குவது ஃப்ளெக்ஸ்நெட். 1988இல் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் உருவாகி, பல கைகள் மாறி, இப்போது ஃப்ளெக்ஸெரா நிறுவனத்திடம் இருக்கிறது. கீழே சொல்லப்படுபவை அதைச் சார்ந்தவை.

இணைப்புக் கோளாறுகளில் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: சர்வரில் ஓடுவது ஒரு நிரல் அல்ல, இரண்டு. முதலாவது எல்எம்ஜிஆர்டி. வழக்கமாக 27000 முதல் 27009 வரையிலான போர்ட்களில் ஒன்றில் அது காத்திருக்கும். ஆனால் உரிமம் அதன் கையில் இல்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர்போல, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லும். உரிமத்தை எண்ணிக் கொடுப்பது இரண்டாவது நிரல், அதாவது அந்தந்த மென்பொருள் நிறுவனத்தின் வெண்டர் டீமன். ஆட்டோடெஸ்க்குக்கு ஆட்ஸ்க்ஃப்ளெக்ஸ், மேட்லேபுக்கு எம்எல்எம். அது வேறொரு போர்ட்டில் இயங்கும். லைசன்ஸ் கோப்பில் அந்த எண்ணைக் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கையில் கிடைத்த போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். ஃபயர்வாலில் 27000ஐ மட்டும் திறந்துவைத்தவருக்கு முதல் கேள்விக்குப் பதில் வரும். இரண்டாவது கேள்வி வழியிலேயே மறிக்கப்படும். “நேற்றுவரை ஓடியது, சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் நின்றுவிட்டது” என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லைசன்ஸ் கோப்பில் உள்ள வெண்டர் வரியின் கடைசியில் போர்ட் எண்ணை, எடுத்துக்காட்டாக 2080 என்று, நிலையாக எழுதிவிட்டு, இரு போர்ட்களையும் ஃபயர்வாலில் திறக்க வேண்டும். இந்த எண்ணையோ, சர்வர் வரியில் உள்ள கணினிப் பெயரையோ மாற்றினால் கோப்பின் கையொப்பம் கெடாது. சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் ஐடியை மாற்றினால் கெட்டுவிடும்.

பிழைச் செய்தியோடு வரும் எண்ணைப் படிக்காமல் தேடத் தொடங்குவது நேர விரயம். -96 வந்தால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லையா, அந்தக் கணினியே அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். -97 என்றால் எல்எம்ஜிஆர்டி உயிரோடிருக்கிறது, வெண்டர் டீமன் விழுந்துவிட்டது. -4 இணைப்புக் கோளாறே அல்ல. உரிமங்கள் அனைத்தும் பிறர் கையில் இருக்கின்றன. அதிகம் தென்படுவது -15, அதாவது இணைக்க முடியவில்லை. விண்டோஸில் இதனோடு சேர்ந்து வரும் சிஸ்டம் பிழை எண் இன்னும் துல்லியமானது. 10061 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. பெரும்பாலும் கணினி எட்டுகிறது, அந்தப் போர்ட்டில் கேட்பாரில்லை. 10060 என்றால் காத்திருந்தும் பதிலே வரவில்லை. அனேகமாக ஃபயர்வால் விழுங்கிவிட்டது.

பிங் செய்து பதில் வந்தால் இணைப்பு சரியென்று முடிவுகட்டக் கூடாது. பிங்குக்குப் போர்ட் என்பதே கிடையாது. பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையைப் போர்ட் எண்ணோடு சேர்த்து, இரு போர்ட்களுக்கும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பதே சோதனை. அடுத்து, உரிமச் சர்வரின் நிலையைக் காட்டும் எல்எம்ஸ்டாட் கட்டளை. இதைச் சர்வரில் அல்லாமல், சிக்கல் உள்ள கணினியிலிருந்தே ஓட்ட வேண்டும். சர்வர், வெண்டர் டீமன் இரண்டுக்கும் நேராக ‘அப்’ என்று வந்தால் வலையமைப்பில் குறையில்லை.

அப்படியும் திறக்காவிட்டால் பயனர் கணினியில் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்எம்_லைசன்ஸ்_ஃபைல் என்ற சூழல் மாறியை ஃப்ளெக்ஸ்நெட் மென்பொருள்கள் பலவும் பொதுவாகப் படிக்கும். என்றோ கழற்றிப்போட்ட சர்வரின் பெயர் அதில் இருந்தால், மென்பொருள் முதலில் அங்கே தேடித் தாமதிக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலும், லினக்ஸில் பயனரின் ஹோம் அடைவில் உள்ள .ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சி கோப்பிலும் இப்படிப்பட்ட பழைய பதிவுகள் தங்கும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக இணைவோருக்கு மட்டும் சிக்கல் என்றால் ஃப்ளெக்ஸ்எல்எம்_டைம்அவுட் மாறியை உயர்த்திப் பார்க்கலாம். அதன் அலகு மைக்ரோ விநாடி. ஒரு விநாடிக்கு 10,00,000 என்று தர வேண்டும்.

சர்வர் பக்கத்துக் குறைகளை அதன் லாக் கோப்பே சொல்லிவிடும். ஹோஸ்ட் ஐடி பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. மெய்நிகர் கணினியை இடம் மாற்றும்போது அது மாறினால் வெண்டர் டீமன் உரிமம் தர மறுக்கும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் யுஎஸ்ஆர் அடைவுக்குள் டெம்ப் என்ற துணை அடைவு இல்லாததாலேயே டீமன் தொடங்காமல் போவதுண்டு. அதை உருவாக்கிக் கொடுத்தால் போதும். டீமனை வலிந்து நிறுத்தியவர் உடனே மறுபடி தொடங்கினால், பழைய இணைப்புகள் போர்ட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கக்கூடும். ஓரிரு நிமிடம் பொறுத்துத் தொடங்கினால் அது தானே விடுபடும்.