சிவாஜிநகரும் குழந்தைகளின் ஆஸ்துமாவும்

ஆஸ்துமா, மூச்சுக்குழாய்கள் அழற்சியால் வீங்கி, அவ்வப்போது சுருங்கிக்கொள்ளும் நாள்பட்ட நோய். சளிக்காய்ச்சல், தூசி, புகை, மகரந்தம் ஆகியவை குழந்தைகளுக்கு அதைத் தூண்டிவிடும். பெங்களூரின் வெற்று மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் ஒவ்வாமை தரும் செடிதான்.

இந்நகரில் நோய் பெருகியதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்தவர் லேக்சைடு மருத்துவமனையின் குழந்தை நுரையீரல் மருத்துவர் எச். பரமேஷ். 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளை ஆராய்ந்த அவர், 1979இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா 1999இல் 29.5 விழுக்காடாகியதைக் கண்டார். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் கணக்கு இது என்பதால் ஊர் முழுவதற்கும் அப்படியே பொருந்தாது. 12 பள்ளிகளில் 6,550 மாணவர்களிடம் அவர் நடத்திய ஆய்வுக்கே எடை அதிகம். வண்டிகள் குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 விழுக்காட்டினருக்கும், நெரிசல் மிகுந்த பகுதிகளில் 19.34 விழுக்காட்டினருக்கும், நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடங்களில் 31.14 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா இருந்தது. கிராமப்புறத்தில் 5.7 மட்டுமே.

பேருந்து நிலையம், ரசல் மார்க்கெட், பழைய வண்டி உதிரிபாகக் கடைகள், அவற்றை ஒட்டிய சந்து வீடுகள் என்று அடர்ந்து கிடக்கும் பெங்களூரின் சிவாஜிநகரில் புகைக்கும் குடியிருப்புக்கும் இடைவெளியே இல்லை. இங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மிக அருகில் இருப்பது 1860களில் எழுந்த பௌரிங் அரசு மருத்துவமனை.

இழைப்போடு வரும் எல்லாக் குழந்தைகளையும் உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் நெபுலைசர் வழியாக, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமாலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் ஆக்சிஜனும் தருவார்கள். அதன் பிறகும் ஆக்சிஜன் அளவு 92 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தசை உள்ளே இழுபட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் குழந்தை திணறினாலோ சேர்க்கை தேவை. பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு: திணறல் குறையாமல் விசில் சத்தம் மட்டும் அடங்கினால் அது குணம் அல்ல, காற்றே உள்ளே போகவில்லை என்பதன் அடையாளம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இந்தச் சேர்க்கைகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பதுதான் வேதனை. 'பம்ப் பழகினால் விடாது' என்ற பயத்தில் இன்ஹேலரை ஒதுக்கி, சிரப்பிலும் அவசர நெபுலைசரிலும் காலம் தள்ளும் வீடுகள் இன்றும் ஏராளம். இன்ஹேலருக்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. சால்பியூட்டமால் சுருக்கத்தை மட்டும் சில மணி நேரம் தளர்த்தும். அடியில் இருக்கும் அழற்சியைத் தணிப்பது அன்றாடம் உறிஞ்சும் புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலும், மருத்துவர் சொல்லும்வரை, அதை நிறுத்தக் கூடாது. விழுங்கும் ஸ்டீராய்டைவிட இதன் அளவு மிகச் சிறியது.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்ஹேலரை ஸ்பேசர் எனும் பிளாஸ்டிக் குழலோடு பொருத்தியே தர வேண்டும்; மிகச் சிறியவர்களுக்கு முகமூடியும் வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் உலரவிட வேண்டும். துணியால் தேய்த்தால் உண்டாகும் நிலைமின்சாரத்தில் மருந்துத் துகள்கள் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.