ஸ்கோர்கார்டுல இடமில்லாத வேலை: ராபின் சிங் கதை

ஞாயிற்றுக்கிழமை காலைல ஈசிஆர்ல கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போனீங்கன்னா, குப்பங்களை ஒட்டின மணல்ல டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்துட்டிருக்கும். அங்க பந்து எந்தப் பக்கம் போனாலும் பசங்க யோசிக்காம பாய்ஞ்சு விழுவாங்க. மணல்தானே, அடிபடாது. அதே பையனைச் செங்கல்பட்டு பக்கம் சரளைக்கல் கிடக்கிற ஒரு ஸ்கூல் கிரவுண்டுல நிறுத்துங்க. காலை மட்டும் நீட்டிப் பார்ப்பான். பந்து தாண்டிடும், பின்னாடியே ஓடுவான். முழங்கைத் தோல் யாருக்கு வேணும்?

இந்திய கிரிக்கெட் ரொம்ப காலம் இந்த இரண்டாவது கிரவுண்டுலதான் வளர்ந்தது. பேட்ஸ்மேன் பக்கத்துலயே நின்னு கேட்ச் பிடிக்க ஏக்நாத் சோல்கர் மாதிரி ஆட்கள் இருந்தாங்க; 27 டெஸ்ட்ல 53 கேட்ச். ஆனா ஓடி, விழுந்து, எழுந்து, ஒரே வீச்சுல ஸ்டம்பை அடிக்கிறதை இங்க பெரும்பாலும் ஒரு வேலையாவே யாரும் பார்க்கல. அதுக்கு ஒரு காரணம் தரை. இன்னொரு காரணம் ஸ்கோர்கார்டுன்னு நான் நினைக்கிறேன். அமெரிக்காவுல பேஸ்பால் ஸ்கோர் எழுதுறவங்க அவுட்ஃபீல்டர் செய்த தப்பையும் எழுதுவாங்க, அவர் எறிஞ்சு எடுத்த அவுட்டையும் எழுதுவாங்க. கிரிக்கெட்ல கேட்ச், ரன் அவுட்டோட சரி. பாய்ண்ட்ல விழுந்து தடுத்த அந்த நாலு ரன்? அதுக்குக் கட்டமே கிடையாது.

கட்டமே இல்லாத அந்த வேலையில பேர் வாங்கி, பிறகு அதையே சொல்லிக் கொடுக்கப் போனவர்தான் ராபின் சிங். (இதே பேர்ல டெல்லிக்காரர் ஒருத்தரும் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் ஆடியிருக்கார். அவர் இல்ல.)

இவர் 1963 செப்டம்பர் 14 அன்னைக்கு டிரினிடாட் தீவுல, பிரின்சஸ் டவுன்ல பிறந்தவர். அங்க இந்தியர்கள் எப்படிப் போனாங்கன்னு கேட்டா, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா. முதல் கப்பல் 1845ல கல்கத்தாவுலேருந்து போச்சு. நம்ம பக்கமும் இதே கதைதான்: 1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோங்கிற கப்பல் தென்னாப்பிரிக்காவோட டர்பனுக்குப் போச்சு. அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்கள்லேருந்து நிறைய பேர் அப்படிக் கப்பல் ஏறினாங்க. டர்பன்ங்கிற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ராபின் சிங் எதிர்த்திசையில வந்தார். 1984ல மெட்ராஸ். மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் படிச்சுக்கிட்டே கிரிக்கெட். 1987-88 சீசன்ல எஸ். வாசுதேவன் தலைமையில தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயிச்சப்போ அந்த டீம்ல இவரும் இருந்தார். அதுக்கு முன்னாடி நாம ஜெயிச்சது 1954-55ல! 33 வருஷக் காத்திருப்பு.

அடுத்து அவரோட சொந்தக் காத்திருப்பு. இந்தியக் குடியுரிமை வாங்கி, 1989 மார்ச்ல இந்தியாவுக்காக முதல் ஒருநாள் மேட்ச். எங்கன்னு பாருங்க: டிரினிடாட், போர்ட் ஆஃப் ஸ்பெயின்! பிறந்த ஊர்க்காரங்க முன்னாடி இன்னொரு நாட்டுக்காக ஆடுறார். அந்தத் தொடர்ல ரெண்டே மேட்ச். அப்புறம் ஏழு வருஷம் கூப்பிடவே இல்ல. 25லேருந்து 33 வயசு வரைக்கும், ஒரு ஆட்டக்காரரோட நல்ல வருஷங்கள் அத்தனையும் போச்சு. 1996ல திரும்பக் கூப்பிட்டப்போ, பல பேர் ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்கிற வயசுல, டீம்லயே அதிகமா மண்ணைப் பூசிக்கிட்டவர் இவர்தான்.

97ல கொழும்புல இவர் சரியா 100. 98 ஜனவரியில டாக்கா ஃபைனல், பாகிஸ்தானுக்கு எதிரா 315 எடுக்கணும். மூணாவது ஆளா இவரை அனுப்பினாங்க, 82 அடிச்சார். ஜெயிச்சோம். ஆனா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது கங்குலியோட 124, கடைசியில கனித்கர் அடிச்ச ஃபோர். 99 உலகக் கோப்பையில டான்டன் மேட்ச்ல இலங்கைக்கு எதிரா 31 ரன் கொடுத்து அஞ்சு விக்கெட். அன்னைக்குத்தான் கங்குலி 183, டிராவிட் 145. பாவம், இவர் நல்லா ஆடின நாள்ல எல்லாம் பக்கத்துல யாராவது பெருசா ஆடிடுவாங்க. டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு, 98ல ஹராரேயில. ஒருநாள் போட்டி 136, ரன் 2336, விக்கெட் 69.

அவர் விளையாடி முடிச்ச 2001 வாக்குல, ஆஸ்திரேலியா மைக் யங்குன்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் கோச்சைப் பிடிச்சுட்டு வந்து பீல்டிங் சொல்லிக் கொடுக்க வச்சது. கேலி பண்ணினவங்க உண்டு. ஆனா ஒரு விஷயம் தெளிவாச்சு: இது பிறவிக் குணம் இல்ல, பயிற்சி. 2007 உலகக் கோப்பையில முதல் ரவுண்டுலயே வெளியே வந்த பிறகு, இந்தியாவும் ஒரு பீல்டிங் கோச்சைத் தேடினப்போ ராபின் சிங்கைக் கூப்பிட்டாங்க.

இப்போ டர்பன். 2007 செப்டம்பர் 14, டி20 உலகக் கோப்பை, பாகிஸ்தான். அன்னைக்கு ராபினுக்கு 44வது பிறந்தநாள். கடைசிப் பந்துல அவங்களுக்கு வேண்டியது ஒரே ரன். மிஸ்பா ஓடினார், ரன் அவுட். ரெண்டு பக்கமும் 141. அப்போ டை ஆனா பௌல்-அவுட்: பேட்ஸ்மேன் கிடையாது, ஸ்டம்பை அடிக்கணும், அவ்வளவுதான். இந்தியா ப்ராக்டிஸ்லயே இதைச் செஞ்சு பார்த்து, யாருக்கு நல்லா விழுதுன்னு பார்த்து வச்சிருந்தது. சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூணு பேரும் அடிச்சாங்க. பாகிஸ்தான்ல அராபத், குல், அப்ரிடி மூணு பேரும் விட்டாங்க. பத்து நாள்ல கோப்பை நம்ம கையில.

அதுக்காக அவரைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்கன்னு நினைக்காதீங்க. 2008ல முதல் ஐபிஎல்ல அவர் ஹெட் கோச்சா இருந்த டெக்கான் சார்ஜர்ஸ் கடைசி இடம். கோச்சை மாத்தினாங்க, அடுத்த வருஷமே அந்த டீம் சாம்பியன். 2009 அக்டோபர்ல இந்திய டீமும் அவரையும் வெங்கடேஷ் பிரசாத்தையும் அனுப்பிடுச்சு. பீல்டிங் கோச்சை எதை வச்சு எடை போட்டாங்கன்னு எனக்குப் புரியல. அவர் தடுக்கச் சொல்லிக் கொடுத்த ரன்களுக்கு அப்பவும் கட்டம் கிடையாதே.

அடுத்த வருஷமே மும்பை இந்தியன்ஸ். அங்க நிலைச்சு நின்னுட்டார். நடுவுல 2014ல கரீபியன் பிரீமியர் லீக்ல பார்படோஸ் டீமுக்கு ஹெட் கோச்சாப் போய்க் கோப்பையோட வந்தார். டிரினிடாட்லேருந்து கிளம்பி சரியா முப்பது வருஷம் கழிச்சு, பக்கத்துத் தீவுக்குக் கோச்சா, சென்னைக்காரரா.