ஒற்றைத் தலைவலியின் மூளைப் படிமங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒற்றைத் தலைவலி குருதிக்குழாய் நோயா, மூளை நோயா என்பது நெடுங்கால விவாதம். மூளைப் படிமவியல் அவ்விவாதத்தை எவ்வாறு மாற்றியமைத்தது என்பதை 1938 முதல் 2016 வரையிலான முதன்மை ஆய்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஒற்றைத் தலைவலி, மூளைப் படிமவியல், பார்வைப் புறணி, மூளைத்தண்டு, ஹைப்போதலாமஸ்.

முன்னுரை

எலும்பு முறிந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும். மூளையில் கட்டி இருந்தாலும் படம் காட்டும். ஒற்றைத் தலைவலியாளரின் மூளையை வழக்கமான முறையில் படமெடுத்தால் பெரும்பாலும் குறையேதும் தென்படுவதில்லை. சான்று இல்லாத இடத்தில் ஐயம் குடியேறுவது இயல்பு. ஆகவே இந்நோயின் வரலாறு, நோயாளியின் சொல்லை மருத்துவம் எவ்வளவு நம்பியது என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

குழாயா, நரம்பா?

17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் தலைவலியைக் குருதிக்குழாய்களின் வீக்கத்தோடு தொடர்புபடுத்தினார். 1873இல் எட்வர்ட் லிவிங் அதனை நரம்பு மண்டலத்தில் எழும் புயலாக விளக்கினார். 1938இல் கிரகாமும் ஹரோல்ட் உல்ஃபும் எர்கோடமைன் மருந்தைச் செலுத்தி, நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு தணியும்போது வலியும் தணிவதைப் பதிவு செய்தனர். அளந்து காட்டத்தக்க சான்று கிடைத்தமையால் குழாய்க் கொள்கை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஒற்றைத் தலைவலியாளருக்கெனத் தனி ஆளுமை உண்டு என்று எழுதியவரும் உல்ஃபே. இதனால் நோயின் பொறுப்பில் ஒரு பங்கு நோயாளியின் குணத்தின் மீதே விழுந்தது.

கருவி வருமுன் கணக்கு

1941இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தமக்குத் தலைவலிக்கு முன்னர்த் தோன்றும் பார்வை மறைப்பு விரிந்து செல்வதை வரைந்து வைத்தார். அவ்வரைபடங்களைக் கொண்டு, பார்வைப் புறணியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று நகர்கிறது எனக் கணித்தார். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ, முயலின் மூளைப் புறணியில் மின்செயல்பாடு ஒடுங்கி அலைபோல் மெல்லப் பரவுவதைக் கண்டார். இவ்விரு வேகங்களும் ஒத்திருப்பதை 1958இல் பீட்டர் மில்னர் சுட்டினார். எனினும் மனித மூளையில் அந்த அலையைக் கண்டவர் எவருமிலர்.

படிமங்களின் வருகை

1981இல் கோபன்ஹேகனில் ஜெஸ் ஒலிசன் குழுவினர் கதிரியக்க ஜெனானைக் கழுத்துத் தமனியில் செலுத்திக் குருதியோட்டத்தை அளந்தனர். தாக்கத்தின்போது மூளையின் பின்பகுதியில் தொடங்கிய குருதிக்குறைவு படிப்படியாக முன்னோக்கிப் பரவியது. குருதியோட்டம் குறைந்திருந்த நிலையிலேயே பலருக்கு வலி தொடங்கியது, குழாய் விரிவதே வலி என்னும் விளக்கத்திற்குப் பொருந்தவில்லை. 1994இல் உட்ஸ் குழுவினரின் ஆய்வில், வேறு நோக்கத்திற்காகப் பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுக்கப்பட்டுக் கொண்டிருந்த ஒருவருக்குத் தற்செயலாகத் தலைவலி தோன்ற, அதே பரவல் இருபுறமும் பதிவானது.

2001இல் பாஸ்டனில் ஹாஜிகானி குழுவினர் செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தின் மூலம், பார்வைக் குழப்பம் நிகழும் வேளையிலேயே பார்வைப் புறணியைக் கண்காணித்தனர். மாற்றம் நகர்ந்த வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர். தம் கண்ணில் தெரிந்ததைத் தாளில் வரைந்து லாஷ்லி பெற்ற விடையை அறுபது ஆண்டுகளுக்குப் பின் கருவி உறுதிப்படுத்தியது.

மூளைத்தண்டும் ஹைப்போதலாமசும்

1995இல் ஜெர்மனியில் வைல்லர் குழுவினர் ஒன்பது நோயாளிகளை ஆராய்ந்தனர். தாக்கத்தின்போது மூளைத்தண்டில் செயல்பாடு மிகுந்திருந்தது. சுமாட்ரிப்டான் மருந்தால் வலி நீங்கிய பின்னரும் அது தொடர்ந்தது. ஆகவே அது வலியின் எதிரொலி மட்டுமன்று என ஆய்வாளர் கருதினர். 2013இல் கோபன்ஹேகனில் 19 பெண்களிடம் நிகழ்ந்த தமனிப் படிம ஆய்வில், தாக்கத்தின்போது மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள தமனிகள் விரியவில்லை எனத் தெரிந்தது. உட்தமனிகளிலும் சிறிதளவு விரிவே காணப்பட்டது. உல்ஃபின் கொள்கைக்கு இது பேரிடியாயிற்று.

அடுத்து, வினாவே மாறியது. வலி எங்கே பிறக்கிறது என்பதோடு, தாக்கம் எப்போது தொடங்குகிறது என்றும் ஆய்வாளர் கேட்டனர். 2014இல் மணியார் குழுவினர், நைட்ரோகிளிசரினால் தூண்டப்பட்ட தாக்கத்தில் வலிக்கு முந்தைய கட்டத்திலேயே ஹைப்போதலாமஸ் செயல்படுவதைக் காட்டினர். 2016இல் ஷுல்ட்டும் மேயும் ஒரே நோயாளியை முப்பது நாள் நாள்தோறும் படமெடுத்து, வலிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் அப்பகுதியின் செயல்பாடு மாறுவதைக் கண்டனர்.

படிமத்தின் எல்லை

இவற்றை மதிப்பிடுங்கால் எச்சரிக்கை வேண்டும். ஒன்பது பேர், ஒருவர் என்னும் எண்ணிக்கைகள் மிகச் சிறியவை. மூளைத்தண்டின் நுண்ணிய கருக்களைப் பிரித்தறியும் கூர்மை அன்றைய கருவிகளுக்கு இல்லை. மேலும், ஓரிடம் ஒளிர்வதாலேயே அது காரணமாகிவிடாது. குருதிக்குழாய்களைச் சூழ்ந்த முக்கிளை நரம்பிழைகளுக்கு வலியில் பங்குண்டு என்பதும் மறுக்கப்படவில்லை.

முடிவுரை

உல்ஃபின் துடிப்புமானி தமனியை அளந்தது. ஆகவே தமனியே நோயாயிற்று. கருவி எதைக் காணவல்லதோ அதையே கொள்கை காரணமாகக் கொள்ளும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. இதனால் விளைந்த பயன் நோயாளிக்குரியது. சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்று நோயாளி தம்மையே கடிந்துகொள்வதுண்டு. வலிக்கு முன்பே ஹைப்போதலாமஸ் விழித்துவிடுகிறதெனில், உணவின் மீதெழும் அந்த வேட்கையே தாக்கத்தின் முதற்குறியாக இருக்கலாம். அங்ஙனமாயின், நோயாளியின் பிழை என்று கருதப்பட்டது நோயின் தொடக்கமே ஆகும்.