துரோகியா, தாயா? சிக்கானாக் கவிதையில் மாலிஞ்சே

போரில் தோற்ற மெக்சிக்கோ, 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே இடால்கோ உடன்படிக்கையால் தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்க ஐக்கிய நாட்டிடம் இழந்தது. அந்நிலத்து மக்கள் தாம் பிறந்த மண்ணிலேயே அயலாராயினர். அவர்தம் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் பள்ளிகளில் ஸ்பானிய மொழி பேசியதற்காகத் தண்டிக்கவும் பட்டனர்.

1960களில் எழுந்த சிக்கானோ இயக்கம் இவ்விழிவைத் துடைக்க முனைந்தது. கவிதை அவ்வியக்கத்தின் முரசாயிற்று. ஆயினும், அம்முரசொலியில் பெண் குரல் அமுங்கிப்போயிற்று. சம உரிமை கேட்ட சிக்கானாப் பெண்கள், இனத்தைப் பிளப்போர் என ஏசப்பட்டனர். 'மாலிஞ்சேயின் வழி வந்தோர்' எனவும் பழிக்கப்பட்டனர். அவர்கள் 1971ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் மாநாடு கூட்டித் தம் கோரிக்கைகளை முழங்கினர்.

மாலிஞ்சே யார்? 1519ஆம் ஆண்டு, ஸ்பானியப் படைத்தலைவன் கோர்ட்டெசுக்குத் தபாஸ்கோப் பகுதியினர் அளித்த இருபது அடிமைப் பெண்களுள் ஒருத்தி. நாவாத்து, மாயா ஆகிய மொழிகளை அறிந்திருந்த அவள், கோர்ட்டெசின் மொழிபெயர்ப்பாளராகி, அவனுக்கு ஒரு மகனையும் ஈன்றாள். பிற்காலத்தார் அவளைக் 'காட்டிக் கொடுத்தவள்' என்றனர்.

இப்பழியைச் சிக்கானாக் கவிஞர்கள் மறுவிசாரணைக்கு உட்படுத்தினர். லூச்சா கோர்ப்பி, 1980இல் வெளிவந்த தம் தொகுப்பில், அவளைத் துன்புற்ற ஒரு பெண்ணாகக் காட்டினார். கார்மென் தஃபோயா அவளையே பேச வைத்தார். அடிமையாய்க் கைமாற்றப்பட்டவள், தன்னைக் காவாத சமுதாயத்திற்கு எங்ஙனம் துரோகியாவாள்? மெக்சிக்கோ என்னும் நாடே தோன்றாத காலத்தில் அவள் காட்டிக் கொடுத்தது எந்நாட்டை? இத்தகைய வினாக்களை எழுப்பிய கவிதைகள் வரலாற்றையே திருத்தின எனலாம்.

மொழியுரிமையையும் அவர்கள் மறந்தாரில்லர். லோர்னா டீ செர்வாண்டெஸ், 1981இல் வெளியிட்ட 'எம்ப்ளுமாடா' தொகுப்பில், தாய்மொழியை இழந்த தலைமுறையின் துயரைப் பாடினார். குளோரியா அன்சால்துவா, 1987இல் வெளிவந்த தம் எல்லைநிலம் பற்றிய நூலில், ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் கலந்தே எழுதி, தம் மக்களின் பேச்சுக்கு ஏற்றம் தந்தார். அதே நூலில், பெண்ணை வாய்மூடி இருக்கச் சொல்லும் மரபையும் அவர் கண்டித்தார்.

இங்ஙனம், வெளியிலிருந்து வந்த ஆதிக்கத்தையும் வீட்டுக்குள் இருந்த ஆதிக்கத்தையும் அப்பெண்கள் ஒருசேர எதிர்த்தனர். பண்பாட்டைத் துறந்து விடுதலை பெற அவர்கள் விழையவில்லை. விடுதலை பெற்ற பெண்ணுக்கும் அப்பண்பாட்டில் இடம் வேண்டுமென்றே வாதிட்டனர். பண்பாட்டைப் போற்றுதல் என்பது அதன் குறைகளைப் போற்றுதல் அன்று. இவ்வுண்மையைச் சிக்கானாக் கவிதை தெளிவுற உணர்த்துகின்றது.