ஆளில்லாத தீவில் ஒரு இரவு

ஒரகடம் பஸ்ஸில் நண்பன் ஒருவன் அந்தமான் கயாக் விளம்பரம் காட்டினான். துடுப்பு போட்டுப் போய், ஆளில்லாத தீவில் கூடாரம் அடித்துத் தூங்கலாமாம், அதுவும் காசு கொடுத்து! நம்ம மீனவர்கள் ரொம்ப காலம் செய்ததுதானே இது?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களின் தோல் படகு. நமக்குக் கட்டுமரம், சில கட்டைகளைக் கயிற்றால் கட்டினால் முடிந்தது. (1697-ல் வெளியான டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இன்று அவர்கள் கேட்டமரான் என்பது என்னவோ இரட்டை உடல் படகை!) மீனவர்கள் அந்தத் தீவுகளில் இறங்கி, சமைத்து, இரவு தங்கி, விடிந்ததும் தொழிலுக்குப் போவார்கள்.

1986-ல் அரசு அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. மெல்ல மெல்ல, தீவில் கால் வைப்பதே குற்றமானது. காரணமும் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே விட்டன. வெட்டிய கல் போனது ஆலைகளுக்கு. ஆனால் சோறு பொங்கியவரும் சேர்ந்தே வெளியேற வேண்டியதாயிற்று. ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு நேராகவில்லை. தீவோரம் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் அந்த இழுபறி பல வருஷம் நடந்தது.